உதிரிக் கடைகளுக்கு வாரிசு யார்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து இராயப்பேட்டைப் பக்கமாகப் பிரிந்து செல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை அறியாத கார் உரிமையாளர் அந்நகரில் இலர் எனலாம். இருமருங்கிலும் மோட்டார் சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. முகப்பில் தொங்குபவை இன்று பெரும்பாலும் புதுக் கார்களுக்கான இருக்கை உறைகளும் பாட்டுப்பெட்டிகளுமே. ஆயினும் இத்தெருவிலும், எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையிலும், நம் மாவட்டத் தலைநகர்களின் பழைய கடைவீதிகளிலும், தந்தைக்குப் பின் மகன் என்று நடந்துவரும் சில கடைகள் இன்னும் உள்ளன. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்கென்றே பெயர் பெற்றவை அவை. உள்ளே நுழைந்தால் கூரை வரை மர அலமாரி. அதில் பழுப்பேறிய அட்டைப் பெட்டிகள். எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாடை.

கடையும் முதியது, கல்லாவில் அமர்ந்திருப்பவரும் முதியவர், அவர் விற்கும் சாமானுக்குரிய வண்டியோ, தயாரிப்பு நின்று ஆண்டுகள் பலவாகிவிட்டது. இக்கடைகளின் நாளைய நிலை என்ன என்பதையே நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டோம். ‘இரும்புச் சாமான் கடையைப் பற்றிக் குடும்ப இதழில் என்ன பேச்சு?’ என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நாம் கடை என்று சொல்வது ஒரு குடும்பத்தின் அறுபதாண்டுச் சோறு என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

இவ்வணிகம் தழைத்தது எவ்வாறு என்பதை முதலில் பார்ப்போம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் அயல்நாட்டுக் கார்களே. பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களை இங்கே கோத்து விற்கும் முறை பரவலாக இருந்தது. 1953-ஆம் ஆண்டில் மைய அரசு அதற்குத் தடை போட்டது. இந்நாட்டிலேயே பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்க முன்வருவோர்க்கு மட்டுமே அனுமதி என்றாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற பெரு நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டன. கார் என்று எஞ்சியவை ஏறத்தாழ மூன்றே குடும்பங்கள்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய்க் குர்லாவில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அவ்வளவு காத்திருந்து பெற்ற வண்டியை யார்தான் ஐந்தாண்டில் மாற்றுவார்? இருபது, முப்பது ஆண்டுகள் ஓட்டினார்கள், மகனுக்குக் கொடுத்தார்கள். வண்டியின் அமைப்பும் மாறவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி 1957-இல் பிறந்த அம்பாசிடர், விளக்கும் முகப்பும் அவ்வப்போது மாறியதைத் தவிர, 2014 மே மாதம் உத்தர்பாராவில் தயாரிப்பு நிற்கும்வரை அதே உருவோடு வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள்! ஓர் இளைஞன் பதினெட்டு வயதில் தந்தையின் கடையில் நுழைந்து ஒரே வண்டியின் பாகங்களைக் கற்றுக்கொண்டால், அக்கல்வி அவன் பேரன் காலம் வரை சோறு போடும் என்ற நம்பிக்கை அப்போது பொய்யாகத் தோன்றவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோதுகூட, ‘இந்தத் தகர டப்பா நம் மேடு பள்ளத்தில் எத்தனை நாளைக்கு?’ என்றுதான் கடைவீதியில் பேச்சு.

இக்கடைக்காரர்களின் உண்மையான முதல் அலமாரியில் இருப்பதன்று, தலைக்குள் இருப்பது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்சக்கரம் திரும்புவதற்கு அடியில் ‘ட்ரனியன்’ என்றொரு பித்தளைத் துண்டு உண்டு. அதற்குக் கிரீஸ் அடைக்கலாகாது; கியர் ஆயிலே விட வேண்டும். ஏனைய வண்டிகளுக்குக் கிரீஸ் அடித்துப் பழகிய மெக்கானிக் இதற்கும் கிரீஸ் கன்னையே நீட்டுவான். சில காலத்தில் உள்ளே உள்ள மரை உலர்ந்து இறுகி, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது உடைந்து சக்கரம் மடங்கும். ட்ரனியனை எடுத்து மேசைமேல் வைக்கும்போதே, ‘ஆயில்தானே விடுகிறீர்கள்?’ என்று கேட்கும் கடைக்காரர் ஒரு விபத்தைத் தடுக்கிறார். அதற்குக் கூலி வாங்குவதில்லை.

பழைய ஆங்கிலக் கார்களில் பேட்டரியின் நேர்முனையைப் பாடியோடு இணைப்பது வழக்கமாக இருந்தது. இன்றைய வழக்கம் அதற்கு நேர்மாறு. தெரியாதவர் கைவைத்தால் மின்கருவிகள் புகையும். மாரிஸ் வழிவந்த வண்டிகளின் போல்ட் மரை அங்குலக் கணக்கு. பியட்டினுடையது மில்லிமீட்டர் கணக்கு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. திருகினால் மூன்று சுற்றுப் போகும், பிறகு மரையைக் கடித்துவிடும். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினே தொடக்கக் காலக் காண்டெஸாவிலும் இருந்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தில் எம்.ஜி. பந்தயக் கார்களையும் இழுத்தது. பின்னாளில் அம்பாசிடருக்கு வந்த இசுஸு எஞ்சினும் காண்டெஸாவோடு பொதுவானது. ஆகவே எந்தப் பெட்டியில் உள்ள எந்த வளையம் எதற்கெல்லாம் பொருந்தும் என்பது ஒரு தனிக் கணக்கு. இக்கணக்கை எந்த நிறுவனமும் முழுமையாக அச்சிட்டுத் தந்ததில்லை. தந்தை சொல்ல மகன் கேட்டது. மேஸ்திரி திட்டிச் சொன்னது. தவறான பாகம் திரும்பி வந்தபோது கற்றது.

சரி, பழைய கார்களின்மீது மோகம் பெருகிவருகிறதே, கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டதே, ஞாயிறுதோறும் அணிவகுப்பு நடக்கிறதே, இக்கடைகளுக்குப் பொற்காலமன்றோ என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பது நம் கருத்து. பழைய கார்ப் பிரியர் வாங்குவது என்ன? பளபளக்கும் ஒரு விளக்கு வளையம், ஒரு பம்பர், முகப்பில் பொறித்த ஓர் எழுத்து. அவ்வண்டி ஆண்டுக்கு எத்தனை மைல் ஓடும்? பிரேக் ஷூ தேயாது. கிளட்ச் பிளேட் கருகாது. கடையைத் தாங்கியவர் டாக்சி ஓட்டுநர்தாம். இரயில் நிலைய வாசலிலும் மலைப்பாதையிலும் ஓடி ஓடி, மாதம் தவறாமல் ஏதேனும் ஒரு புஷ்ஷோ, வீல் சிலிண்டரோ, டை ராடு எண்டோ வாங்க வந்தவர் அவர். விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டையிட்டவரும் அவரே; ஆயினும் அவர் வந்ததனால்தான் பாகம் செய்யும் சிறு பட்டறைகளும் உயிர் வாழ்ந்தன.

ஒரு ரப்பர் சீல் செய்ய வேண்டுமானால் முதலில் அதற்கு இரும்பு அச்சு வெட்ட வேண்டும். அச்சுக்கூலியைப் பதினாயிரம் சீலின்மேல் பங்கிட்டால் ஒன்றன் விலையில் அது தெரியவே தெரியாது. இருபது சீலின்மேல் பங்கிட்டால் வாங்குபவர் மயங்கி விழுவார். டாக்சி நின்றதும் பட்டறைக்காரர் அச்சை ஓரமாகப் போட்டார். அதன்பின் சேகரிப்பாளர் எவ்வளவு செல்வராயினும் அந்தச் சீல் கிடைக்காது.

டாக்சிகள் ஒவ்வோர் ஊராக நின்றுவிட்டன. பம்பாயில் பிரீமியர் பத்மினி டாக்சியாகக் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29-இல். அங்கு டாக்சிக்கு வயது வரம்பு இருபது ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு அந்நகரின் கறுப்பு மஞ்சள் பத்மினியின் கதை முடிந்தது. கல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்குப் பதினைந்தாண்டு வரம்பை 2008-இல் உயர்நீதிமன்றம் விதித்தபின், மஞ்சள் அம்பாசிடர்கள் ஆண்டுக்காண்டு கழிக்கப்பட்டன. அரசு அலுவலகங்களின் வெள்ளை அம்பாசிடர்களுக்கும் முடிவு வந்தது. பதினைந்தாண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எஞ்சியிருப்பது தனியார் வீட்டு வண்டிகள். பதினைந்தாண்டு முடிந்த காரைத் தகுதிச் சான்றோடு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று; இருபதாண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொண்டால் விடுதலை கிடைக்குமே எனில், 2021 ஜூலையில் வந்த விதியின்படி அத்தகுதி ஐம்பதாண்டு நிறைந்த வண்டிக்கே உரியது. அதையும் அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே வெளியே எடுக்கலாம். நம் வீடுகளில் 1985-லும் 1995-லும் வாங்கிய அம்பாசிடர்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கின்றன. கிழவனும் இல்லை, இளைஞனும் இல்லை. உத்தர்பாராவின் கடைசி வண்டிக்கு ஐம்பது நிறைவது 2064-இல். அதுவரை கடை திறந்திருக்க வேண்டுமே!

இனிக் குடும்பத்துக்குள் வருவோம். பல கடைகளில் நாம் காண்பது ஒரே காட்சிதான். தந்தை தம் உழைப்பால் பிள்ளைகளைப் பொறியியலும் கணக்கியலும் படிக்க வைத்தார். அவர்கள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் நல்ல பணியில் இருக்கிறார்கள். அதுதான் அவர் விரும்பியதும். ‘நான் பட்ட எண்ணெய்க் கறை என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று சொல்லி வளர்த்துவிட்டு, எழுபது வயதில் ‘கடையை யார் பார்ப்பது?’ என்று கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வர்? இதில் யாரையும் குறை கூற நமக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். மகன் வரவில்லை என்று வருந்தும் தந்தையருள் பலர், இத்தனை ஆண்டும் வீட்டிலிருந்து பேரேட்டை எழுதிவந்த மகளை ஒரு முறையேனும் கேட்டதில்லை.

அலமாரியில் உள்ள சரக்கின் மதிப்பைப் பற்றியும் வீட்டுக்குள் இருவேறு கணக்கு ஓடுகிறது. தந்தைக்கு அது பொக்கிஷம். பிள்ளைகளுக்கு அது குப்பை. உண்மை நடுவில் இருக்கிறது. ஐம்பதாண்டுக்குமுன் வாங்கிய பேரிங் காகிதம் பிரிக்காமல் துருவின்றி இருந்தால் இன்றும் பேரிங்தான். எண்ணைப் பார்த்தால் வேறு எந்திரத்துக்கும் போகும். கண்ணாடியும் வார்ப்பிரும்பும் கெடுவதில்லை. ரப்பரோ பெட்டிக்குள்ளேயே முதுமையடையும். ஆயில் சீல், பிரேக் ஹோஸ், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் பார்வைக்குப் புதிதாயிருந்து வண்டியில் மாட்டியதும் வெடிக்கும். பிரேக் ஹோஸ் வெடித்தால் என்னாகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பழைய சரக்கு என்ற ஒரே காரணத்துக்காக அத்தகைய ஹோஸைக் கூடுதல் விலைக்கு விற்பவரும் உளர். அதை வணிகம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

வங்கி இச்சரக்கின்மேல் கடன் தருவதில்லை. கடை நிற்கும் இடமோ சரக்கைவிடப் பன்மடங்கு விலை பெறும். சொந்த இடமாயின் இடிக்கத் தோன்றும். வாடகை இடமாயின் வேறு சிக்கல். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்த கடைகள் பல. அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, எழுத்து ஒப்பந்தத்தை வற்புறுத்தும் புதிய தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அந்த நிழல் இல்லை. ஐந்து நாளைக்கு ஒரு கார்புரேட்டர் விற்கும் கடை, கைப்பேசிக் கடை தரக்கூடிய வாடகையை எங்ஙனம் தரும்?

தந்தை கண்மூடியபின் வரும் சிக்கல் இதனினும் பெரிது. அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தும் கடைகளில், ஒருவர் இறந்தால் கூட்டு தொடரும் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி அவருடைய இறப்போடு நிறுவனமே கலைந்துவிடும். இரு பங்காளி மட்டுமே உள்ள கடையில் இது வீட்டுக்குள் வழக்காக மாறிவிடும். கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகும். பங்கு நியாயமானதே. ஆனால் மூவாயிரம் அட்டைப் பெட்டிகளை எப்படி நான்காகப் பிரிப்பது? இடத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடுவது எளிது. சரக்கை எடைக்குப் போடுவது அதனினும் எளிது. அப்படித்தான் நடக்கிறது. யாருக்கு அறிவு உண்டோ அவருக்குச் சரக்கும் பெயரும் என்றும், மற்றோர்க்கு ஈடாக இடத்தில் பங்கு என்றும் தந்தை உயிரோடிருக்கும்போதே உயில் எழுதிவைத்த வீடுகள் சண்டையின்றி இருப்பதைக் காண்கிறோம்.

மேனாடுகளில் இவ்வணிகம் வேறு பாதையில் சென்றது. எஸ்.யு. கார்புரேட்டர் என்ற பெயரை மூத்த வாசகர் அறிவர். மாரிஸ் கார்களிலும் நம் பழைய அம்பாசிடர்களிலும் இருந்தது. இலண்டனில் காலணி வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர் இருவர் உருவாக்கியது அது. தொடக்கத்தில் அதன் உள்துருத்தியே தோலால் ஆனது! கார்புரேட்டரின் காலமே முடிந்துகொண்டிருந்த 1996-இல், சாலிஸ்பரி நகரில் கார்புரேட்டர் பழுது பார்த்துவந்த பர்லன் என்ற சிறு நிறுவனம் அதன் பெயரையும் உரிமையையும் வாங்கிக்கொண்டு தொடர்ந்து செய்துவந்தது. எம்.ஜி.பி. காரின் உடற்கூட்டைப் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988-லிருந்து புதிதாகவே அடித்துத் தந்தனர். அங்குக் கடைக்காரருக்குக் கிடைத்தவை மூன்று: வரைபடம், அச்சு, செய்வதற்கான சட்டபூர்வ உரிமை. நம் கடைக்காரரிடம் இம்மூன்றும் இல்லை. பாகம் மட்டுமே உண்டு.

அண்டை நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இலங்கையில் மாரிஸ் மைனர் கார்கள் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிச் செப்பனிடும் கைத்திறனும் தங்கியிருந்தது. இங்கிலாந்தில் அக்காரைப் பழுது பார்த்து வாழ்ந்த ஒரு நிறுவனம் 1990-களில் காலி நகரில் பட்டறை ஒன்றன் துணையோடு தகடுப் பாகங்களைச் செய்வித்துத் தன் நாட்டுக்கு வரவழைத்தது. ஏழை நாட்டின் பழக்கம் செல்வ நாட்டின் பொழுதுபோக்குக்கு உதவியது! நம் சென்னையில் நடந்தது இதற்கு எதிர்மாறு. ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரோவர் காரை ஒட்டி 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988-இல் தயாரிப்பு நின்றது. தொழிற்சாலையில் தேங்கிய புத்தம் புதிய பாகங்கள் பல ஆண்டுக்குப்பின் ஏலத்துக்கு வந்தபோது, ரோவர் பாகங்களை வாங்கிக் கப்பலேற்றியது இங்கிலாந்தின் உதிரிப்பாக வணிகர். நாம் பழைய இரும்பு என்று பார்த்ததை அவர்கள் சரக்கு என்று பார்த்தனர்.

ஆகவே வாங்குவோர் உலகில் இல்லாமலில்லை. அவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வழியே நடந்து வருவோர் அல்லர் என்பதே இடர்ப்பாடு. கணினி அறிந்த பேரப்பிள்ளை ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, பெட்டிக்குப் பெட்டி எண்ணையும் படத்தையும் ஏற்றி, வெளியூர் வாங்குவோருக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கினால், கடையை மூடினாலும் வணிகம் நிற்காது. கோவையின் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் ஒரு மாதிரியைக் கொடுத்தால் அதேபோல் செய்து தரும் திறமுடையவை; கையிலுள்ள கடைசி பாகத்தை விற்றுவிடாமல் மாதிரியாக வைத்துக்கொள்ளும் கடைக்காரருக்கே அது பயன்படும். கடைசி ஒன்றை விற்பதா, வைப்பதா என்பது அவருக்கு உண்மையிலேயே ஒரு வேதனை. வாடகை கேட்டு ஆள் வாசலில் நிற்கும்போது யாரால் வைத்திருக்க இயலும்?

இத்தகைய கடை உடைய குடும்பங்கள் இவ்வாண்டு விடுமுறையில் ஒன்றுகூடும்போது, சரக்கைப் பிரித்தெடுக்கும் பணியைத் தந்தை பக்கத்தில் இருக்கையிலேயே செய்துவிடுவது நல்லது. ஒருவர் பெட்டியைத் திறக்க, ஒருவர் எழுத, அவர் சொல்லட்டும்: இது எந்த வண்டிக்கு, வேறு எதற்குப் பொருந்தும், யார் செய்தது, எதில் ஏமாறக்கூடாது. ரப்பரை முதலில் தனியே ஒதுக்குங்கள். பேரிங்கையும் கியரையும் காகிதம் பிரிக்காமல் வையுங்கள். பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் பிளேட்டுகளிலும் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அவற்றை ஊதவோ பெருக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, உறையிலிட்டுக் கட்டி, சிறுவர் கை படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.